ஆவணத் தளத்துக்கு நம் நிறத்தைக் கொடுப்பது: எங்கே தொடலாம், எங்கே கை வைக்கக் கூடாது?

வரிவடிவம் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் நண்பர்களே. ஒரு கட்டற்ற மென்பொருளின் பயனர் கையேட்டைப் பராமரிக்கிறேன். சுமார் 180 பக்கம். பாதி தமிழ், பாதி ஆங்கிலம். ஆவணத் தளங்களை உருவாக்கும் டாக்குசாரஸ் என்ற கருவியில் ஓடுகிறது. இரண்டு வருடமாக அதனுடன் வந்த பச்சை நிறத்தை அப்படியே விட்டிருந்தோம். இப்போது திட்டத்துக்குப் புது லோகோ, புது நிறம், புது எழுத்துரு எல்லாம் வந்துவிட்டது. வடிவமைப்புக் குழு 30 பக்கத்தில் ஒரு பிராண்ட் கையேட்டைக் கொடுத்து, தளத்தையும் அதன்படி மாற்றச் சொல்லியிருக்கிறது.

அதில் இருப்பது இதுதான்: முதன்மை நிறம் அடர் சிவப்பு, #990000. துணை நிறம் மஞ்சள். மேல்பட்டை, தலைப்புகள், சுட்டிகள் (லிங்க்) எல்லாம் சிவப்பு. குறிமுறைப் பெட்டிகளுக்கு (நிரலும் கட்டளையும் காட்டும் பெட்டிகள்) வெளிர் மஞ்சள் பின்னணி. லோகோவில் திட்டத்தின் பெயர் தமிழ் எழுத்தில்.

நேற்று முழுக்க உட்கார்ந்து செய்து பார்த்தேன். தோற்ற விதிகளை எழுதும் சிஎஸ்எஸ் கோப்பு 400 வரியைத் தாண்டிவிட்டது. நிறம் ஏறாத இடத்திலெல்லாம் மற்ற விதிகளை மீறவைக்கும் ஓர் ‘இம்பார்ட்டன்ட்’ போட்டு அமுக்கினேன். அதுவே ஐம்பது இடம் இருக்கும். மேல்பட்டையை உயரமாக்க, தீமிலிருந்து (கருவியோடு வரும் தோற்றத் தொகுப்பு) அந்தக் கூறை நகலெடுத்துத் திருத்தினேன். குழு காட்டிய மாதிரிப் படத்தைப் போலவே வந்துவிட்டது.

ஆனால் ஒரு பக்கத்தைப் படிக்க உட்கார்ந்தால் கண் எதிலும் நிற்கவில்லை. ‘தரவுத்தளத்தை அழிக்கும் முன் காப்புநகல் எடுங்கள்’ என்று ஓர் எச்சரிக்கைப் பெட்டி இருக்கிறது. அது சிவப்பு. அதற்கு மேலே உள்ள தலைப்பும் சிவப்பு, கீழே வரிசையாக வரும் மூன்று சுட்டிகளும் சிவப்பு. நானே எழுதிய பக்கம்தான், எனக்கே எச்சரிக்கை தனியாகத் தெரியவில்லை.

இரண்டு கேள்வி. தீம் கோப்புகளை நகலெடுத்துத் திருத்துவது சரிதானா? ஆவணத் தளத்தில் பிராண்ட் எதுவரை வரலாம்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

பழையதச்சன்

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன், அதில்தான் நான் அடிபட்டவன்.

தோற்றத்தை மாற்ற நான்கு படி உண்டு. கீழ்ப்படியில் வேலை முடிந்தால் மேலே ஏறவே கூடாது. முதல் படி, தீம் தானாகவே திறந்து வைத்திருக்கும் அமைப்புகள்: லோகோ, ஃபேவிகான் (உலாவித் தாவலில் தெரியும் சின்னப் படம்), நிற மாறிகள். இரண்டாவது, உங்களுடைய சின்ன சிஎஸ்எஸ் கோப்பு. மூன்றாவது, தீமின் ஒரு பகுதியைச் சுற்றி நம்முடையதைச் சேர்ப்பது. நான்காவது, தீமின் கோப்பையே நகலெடுத்து நம்முடையதாக்கிக்கொள்வது. நீங்கள் நேராக நான்காவதில் போய் நிற்கிறீர்கள்.

சில வருடம் முன்பு நானும் அதைத்தான் செய்தேன். வேறொரு தீம், பெயர் வேண்டாம். மேல்பகுதி, அடிப்பகுதி, பக்க வார்ப்புரு என மூன்று கோப்புகளை நகலெடுத்தேன். மாற்றியது என்னவோ மொத்தம் பத்து வரிதான். எட்டு மாதம் ஒரு தொந்தரவும் இல்லை. அப்புறம் தீமின் அடுத்த பெரிய பதிப்பு வந்தது. ஏற்றினேன், தேடல் பெட்டி காணாமல் போய்விட்டது. புதிய பதிப்பில் தேடலை வேறு கோப்புக்கு நகர்த்தியிருந்தார்கள். என் நகல் பழைய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. பிழைச்செய்தி ஒன்றுகூட வரவில்லை. தேடல் இல்லையே என்று ஒரு வாசகர் மின்னஞ்சல் போட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது. எந்தப் பத்து வரி என்னுடையது, எது பழைய தீமுடையது என்று பிரித்தெடுக்க இரண்டு இரவு ஆனது. தீமின் மேல் தப்பில்லை. நகலெடுத்த அன்றே அந்தக் கோப்பு என் பொறுப்புக்கு வந்துவிட்டது, அதை நான் உணரவில்லை.

உங்கள் டாக்குசாரஸில் இதற்கு ஏற்பாடு தெளிவாகவே இருக்கிறது. தீமின் கூறுகளை மாற்ற உதவும் ‘ஸ்விசில்’ கட்டளையில் இரண்டு வழி: உறைபோடுவது, வெளியே எடுப்பது. உறைபோட்டால் அசல் கூறு தீமிடமே இருக்கும். அதற்கு முன்னும் பின்னும் உங்களுடையதைச் சேர்க்கலாம். வெளியே எடுத்தால் முழு நகலும் உங்கள் கையில். எந்தக் கூறைத் தொடுவது பாதுகாப்பானது, எது பாதுகாப்பற்றது என்று அந்தக் கட்டளையே பட்டியல் போட்டுக் காட்டும். அந்தப் பட்டியலைப் பார்க்காமல் எதையும் எடுக்காதீர்கள்.

நிறத்துக்கு அதுகூட வேண்டாம். முதன்மை நிறம் ஒன்று, அதைவிட அடர்ந்த சாயல் மூன்று, வெளிறிய சாயல் மூன்று, ஆக ஏழு மாறிகள். அந்த ஏழையும் மாற்றினால் சுட்டி, பொத்தான், பக்கப்பட்டியில் தேர்ந்த வரி எல்லாம் சேர்ந்து மாறிவிடும். உங்களுடைய ஐம்பது ‘இம்பார்ட்டன்ட்’டில் முக்கால்வாசி அங்கேயே கரைந்துபோகும்.

வேறு ஆவணக் கருவி வைத்திருப்பவர்களுக்காக: ஸ்பிங்க்ஸில் லோகோ, ஃபேவிகான், கூடுதல் சிஎஸ்எஸ் மூன்றும் கட்டமைப்புக் கோப்பில் தலா ஒரு வரி. அதில் ஃபியூரோ தீம் வைத்திருந்தால் பகலுக்கு ஒரு மாறிப் பட்டியல், இரவுக்கு ஒன்று. எம்கேடாக்ஸ் கருவியின் மெட்டீரியல் தீமில் நிறத்தைப் பெயர் சொல்லியே தேர்ந்தெடுக்கலாம். சொந்த நிறம் வேண்டுமென்றால் ‘கஸ்டம்’ என்று எழுதிவிட்டு மாறியை மாற்றலாம். அதன் வார்ப்புருவில் ஒரு கட்டத்தை மட்டும் மாற்றும்போது ‘சூப்பர்’ என்ற அழைப்பை விட்டுவிடாதீர்கள். விட்டால் அந்தக் கட்டத்தில் தீம் வைத்திருந்தது மொத்தமும் போய்விடும்.

---

நிறமாலை

நான் பிராண்ட் கையேடுகளை எழுதுகிற பக்கத்தில் இருப்பவள். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆவணத் தளத்துக்குச் சொந்த முகம் தேவை. தேடுபொறியிலிருந்து நேராக ஏதோ ஒரு நடுப்பக்கத்தில் வந்து விழுகிறவர்தான் உங்கள் வாசகர். முகப்பை அவர் பார்த்திருக்கவே மாட்டார். இது அதிகாரபூர்வமான கையேடா, யாரோ எடுத்துப் போட்ட பழைய நகலா என்று முதல் பார்வையில் அவருக்குத் தெரிய வேண்டும். கட்டளையை நகலெடுத்துத் தன் கணினியில் ஒட்டப்போகிற ஒருவருக்கு அந்த நம்பிக்கை மிகவும் அவசியம்.

ஆனால் பெரும்பாலான பிராண்ட் கையேடுகள் முகப்புப் பக்கத்தையும் சுவரொட்டியையும் மனதில் வைத்து எழுதப்பட்டவை. அங்கே ஒருவர் ஐந்து நொடி நிற்பார், சிவப்பு அவரை இழுக்க வேண்டும். பயனர் கையேட்டில் ஒருவர் நாற்பது நிமிடம் உட்கார்வார். அங்கே சிவப்பு அவரை இழுத்துக்கொண்டே இருந்தால் படிக்கவே முடியாது. உங்கள் குழுவிடம் போய், ‘ஆவணங்களுக்கு’ என்று தனியாக ஒரே ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லுங்கள். என்னிடம் அப்படிக் கேட்டு யாராவது வந்தால் நான் சந்தோஷப்படுவேன், அதை எதிர்ப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

அந்தப் பக்கத்தில் நான் என்ன எழுதுவேன் என்றால்: லோகோ மேலே இடது மூலையில். பிராண்ட் நிறம் மேல்பட்டையிலோ, அதற்குக் கீழே ஒரு கோடாகவோ. பக்கப்பட்டியில் இப்போது எந்தப் பக்கத்தில் இருக்கிறோம் என்ற அடையாளம். அவ்வளவுதான். தலைப்புகள் எழுத்தின் நிறத்திலேயே இருக்கட்டும். அளவும் தடிமனும் அவற்றைக் காட்டிக்கொடுக்கும். உரைப்பகுதி எழுத்தாளருடையது, அங்கே பிராண்ட் நுழையக் கூடாது.

---

கண்கூசி

எனக்குப் பார்வைக் குறைபாடு உண்டு. திரையை 200 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, பெரும்பாலும் டார்க் மோடில் படிப்பவன். என் பக்கத்திலிருந்து சில எண்கள்.

வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் அணுகல்தன்மை நெறிகள், டபிள்யூசிஏஜி என்று சொல்வார்களே, சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5-க்கு 1 என்ற ஒளிர்வு வேறுபாட்டைக் கேட்கின்றன. பெரிய எழுத்துக்கு 3 போதும். 2018-இல் வந்த 2.1 பதிப்பு பொத்தானின் ஓரம், குறும்படம் போன்றவற்றுக்கும் 3 என்று வைத்தது. வெள்ளைப் பின்னணியில் #767676 சாம்பல் 4.54 வாங்கித் தேறிவிடும், #777777 சாம்பல் 4.48 வாங்கித் தோற்றுவிடும். கண்ணால் பார்த்து இந்த இரண்டையும் யாராலும் பிரிக்க முடியாது. அதனால்தான் அளக்கச் சொல்கிறேன்.

உங்கள் #990000 வெள்ளையில் 8.9 வருகிறது, நல்ல நிறம். அதையே கறுப்பில் வைத்தால் 2.35. டார்க் மோட் பின்னணி தூய கறுப்பும் இல்லை, கொஞ்சம் சாம்பல் கலந்தது. அங்கே இன்னும் குறையும். அதாவது இருட்டில் உங்கள் சுட்டிகள் எனக்குத் தெரியவே தெரியாது. இரவுக்கு அதே சிவப்பின் வெளிறிய சாயல் ஒன்றைத் தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். மஞ்சளில் தவறு எதிர்ப்பக்கம் நடக்கும்: தூய மஞ்சள் மேல் வெள்ளை எழுத்து 1.07 தான். கிட்டத்தட்ட ஒன்றுமே எழுதாதது போல.

இன்னொன்று. சுட்டியை நிறத்தால் மட்டும் காட்டாதீர்கள். பத்தியின் நடுவே வரும் சுட்டிக்கு அடிக்கோடு இருக்கட்டும். பல தீம்கள் அழகுக்காக அதை எடுத்துவிட்டு, சுட்டியானை (மவுஸ் அம்பு) மேலே கொண்டுபோனால்தான் காட்டுகின்றன. தொடுதிரையில் சுட்டியானே கிடையாது.

எச்சரிக்கைப் பெட்டியைப் பற்றி நீங்களே சரியாகக் கண்டுபிடித்துவிட்டீர்கள். சிவப்பு ஏற்கெனவே ‘ஆபத்து’ என்ற வேலையில் இருக்கிறது. அதைப் பிராண்டுக்கும் கொடுத்தால் இரண்டு வேலையும் கெடும்.

---

வரிவடிவம்

மூவருக்கும் நன்றி. கண்கூசி சொன்னதும் டார்க் மோடைத் திறந்து பார்த்தேன். நான் முழுக்கப் பகல் தோற்றத்திலேயே வேலை செய்திருக்கிறேன், ஒருமுறைகூட மாற்றிப் பார்க்கவில்லை. பக்கப்பட்டியில் தேர்ந்த வரி இருட்டோடு இருட்டாகக் கிடந்தது. லோகோவின் எழுத்து அடர்சாம்பல், அதுவும் மறைந்திருந்தது.

நிறமாலை அக்கா, நீங்கள் சொன்னபடி குழுவிடம் பேசினேன். “உரைப்பகுதியில் சிவப்பு இல்லையென்றால் இது நம் தளம் என்று எப்படித் தெரியும்?” என்று ஒருவர் கேட்டார். பதில் சொல்லாமல், எச்சரிக்கைப் பெட்டி இருக்கும் அந்தப் பக்கத்தைத் திறந்து, “இதில் ஆபத்தான கட்டளை எது, காட்டுங்கள்” என்றேன். அவர் முதலில் காட்டியது ஒரு சாதாரணச் சுட்டியை. அதற்குமேல் வாதம் நடக்கவில்லை. ஒரு பக்கம் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

---

இயல்புநிலை

மாற்றுக் கருத்து ஒன்று. எதற்கு இவ்வளவு? தீம் எப்படி வந்ததோ அப்படியே விடலாமே. நான் தினமும் பத்துத் திட்டங்களின் ஆவணங்களைப் படிப்பவன். ஒரே தீமில் இருக்கும் தளங்களில் எது எங்கே என்று என் கைக்கே தெரியும்: தேடல் எங்கே, பதிப்பு மாற்றும் பட்டி எங்கே, ‘இந்தப் பக்கத்தில்’ என்ற பட்டியல் எங்கே. சொந்தமாக வடிவமைத்த தளத்துக்குப் போனால் முதல் பத்து நிமிடம் அதைக் கற்றுக்கொள்வதிலேயே போய்விடுகிறது. அந்த நேரத்தை எழுத்தில் செலவழித்திருக்கலாம்.

---

நிறமாலை

இயல்புநிலை, இதில் பாதி எனக்கு முழுச் சம்மதம். இடத்தை மாற்றாதீர்கள், நிறத்தை மாற்றுங்கள் என்றுதான் நானும் சொல்வேன். தேடலை வலப்பக்கத்திலிருந்து அடிப்பகுதிக்கு நகர்த்துவது பிராண்ட் வேலையே இல்லை.

மறுபாதியில் உடன்பாடில்லை. ஒரே தீம், ஒரே நிறம் என்று பத்துத் தளங்கள் இருந்தால், பத்துத் தாவல்களைத் திறந்து வைத்திருப்பவர் எந்தக் கட்டளையை எங்கிருந்து எடுத்தோம் என்று குழம்புவார். ஒரு பெயரும் ஒரு நிறமும் இருந்தால் அந்தக் குழப்பம் இருக்காது.

---

தாவல்தேடி

அந்தப் பத்துத் தாவல்களைத் திறந்து வைத்திருப்பவன் நான்தான். வாடிக்கையாளர் உதவியில் இருக்கிறேன். எனக்கு வேண்டியது ஃபேவிகான் மட்டுமே. தாவலில் அது 16க்கு 16 புள்ளியில் தெரியும். முழு லோகோவைச் சுருக்கிப் போட்டால் ஒரு அழுக்குப் புள்ளியாகத்தான் இருக்கும். ஒரே எழுத்தோ ஒரே வடிவமோ வரைந்து போடுங்கள். எஸ்விஜி-யாக (உரையாக எழுதப்படும் பட வடிவம்) போட்டால் இருட்டுக்கு வேறு நிறத்தை அதற்குள்ளேயே எழுதிவிடலாம்.

பகிரும்போது வரும் படத்தையும் மறக்காதீர்கள். உரையாடல் செயலியில் சுட்டியை ஒட்டினால் வருமே, 1200க்கு 630 அளவில், அது. அங்கே இன்னும் தீமின் மாதிரிப் படமே வந்துகொண்டிருக்கும் தளங்களை நிறையப் பார்க்கிறேன்.

---

அச்சுக்கோவை

தமிழ் எழுத்துருவைப் பற்றி யாரும் பேசவில்லை, நான் கொஞ்சம் நீட்டிப் பேசுகிறேன். தமிழ்ப் பக்கங்கள் இருக்கும் தளத்தில் பாதி வேலை இங்கேதான்.

முதலில் லோகோ. தமிழ் எழுத்து இருக்கிறது என்றீர்கள். அந்த எஸ்விஜி கோப்பை உரைத்திருத்தியில் திறந்து பாருங்கள். பெயர் உள்ளே எழுத்தாகவே இருக்கிறதா, கோடுகளாக மாற்றப்பட்டிருக்கிறதா? எழுத்தாக இருந்தால் ஆபத்து. படமாக ஏற்றப்படும் எஸ்விஜி-க்குள் பக்கத்தின் வலை எழுத்துரு நுழையாது. வரைந்தவர் கணினியில் அந்த எழுத்துரு இருப்பதால் அவருக்கு அழகாகத் தெரியும்; வாசகர் கணினியில் விண்டோஸோடு வரும் நிர்மலாவோ லதாவோ வந்து நிற்கும், அகலமும் மாறிவிடும். வரைகலைச் செயலியில் எழுத்தைப் பாதைகளாக மாற்றிச் சேமிக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது, பெரிய எழுத்து. பல தீம்களில் எச்சரிக்கைப் பெட்டியின் தலைப்பு, பக்கப்பட்டியின் பிரிவுப் பெயர் எல்லாம் ஆங்கிலப் பெரிய எழுத்துக்கு மாற்றப்பட்டு, சின்ன அளவில் வரும். பெரிய எழுத்தாக இருப்பதால் சின்ன அளவிலும் தலைப்பு என்று தெரிகிறது. தமிழில் பெரிய எழுத்தே இல்லை. அதனால் அந்த விதி ஒன்றும் செய்யாது, சின்ன அளவு மட்டும் மிஞ்சும். ‘குறிப்பு’ என்ற தலைப்பு அதன் கீழே வரும் வரியைவிடச் சின்னதாக நிற்கும். தமிழ்ப் பக்கங்களுக்கு அந்த அளவை உயர்த்தித் தடிமனைக் கூட்டுங்கள். பக்கத்தின் மொழிக் குறி தமிழ் என்று சரியாக இருந்தால் இந்த விதிகளைத் தமிழுக்கு மட்டும் எழுதலாம்.

மூன்றாவது, சாய்வெழுத்து. பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் சாய்வு வடிவம் கிடையாது. உலாவி தானாக எழுத்தைப் பிடித்துச் சாய்க்கும். ‘ழ’வும் ‘ஞ’வும் அதில் படும் பாட்டைப் பார்க்க முடியாது. இப்படிச் சாய்க்கும் எழுத்துருச் செயற்கையாக்கத்தை அணைத்துவிட்டு, அழுத்தம் வேண்டிய இடத்தில் தடிமன் கொடுங்கள்.

நான்காவது, வரி உயரம். ஆங்கிலத்துக்கு 1.5 போதுமாக இருக்கலாம். தமிழில் ‘கீ’யின் கொக்கி மேலே போகும், ‘ளு’வின் கால் கீழே வரும். நான் 1.75-க்குக் கீழே போவதில்லை. குறிமுறைப் பெட்டிக்குள் தமிழில் கருத்துரை எழுதினால் இன்னும் கவனம் தேவை. அங்கே வரி நெருக்கமாக இருக்கும். சம அகல எழுத்துருவில் தமிழ் இல்லாததால் வேறு எழுத்துரு வந்து உட்காரும், பத்திகள் நேராக நிற்காது. வரிசைப்படுத்திக் காட்ட வேண்டிய எதையும் அதற்குள் தமிழில் வைக்காதீர்கள்.

கடைசியாக, எழுத்துருவை எங்கிருந்து ஏற்றுகிறீர்கள்? வெளிச் சேவையிலிருந்து எடுத்தால் வேகம் என்ற பழைய வாதம் இப்போது நிற்காது. 2020-இல் வந்த குரோம் 86 முதல் உலாவியின் தற்காலிகச் சேமிப்பகத்தைத் தளத்துக்குத் தளம் பிரித்துவிட்டார்கள்; வேறு தளத்தில் இறங்கிய எழுத்துரு உங்கள் தளத்துக்கு உதவாது. மேலும் 2022 ஜனவரியில் ஜெர்மனியின் மியூனிக் நீதிமன்றம், கூகுள் எழுத்துருவை வெளியிலிருந்து ஏற்றி வாசகரின் ஐபி முகவரியைக் கொடுத்ததற்காக ஒரு தள உரிமையாளர் 100 யூரோ தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. கோப்பை உங்கள் தளத்திலேயே வைத்துவிடுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், கேட்டமரான் எல்லாம் திறந்த உரிமத்தில்தான் இருக்கின்றன. உங்கள் பிராண்ட் எழுத்துருவின் உரிமம் வலையில் வைக்க அனுமதிக்கிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள்.

---

வரிவடிவம்

அச்சுக்கோவை ஐயா, லோகோவைத் திறந்து பார்த்தேன். எழுத்தாகத்தான் இருந்தது! என் கணினியில் அந்த எழுத்துரு நிறுவியிருந்ததால் எனக்குத் தெரியவே இல்லை. கைப்பேசியில் திறந்தால் வேறு எழுத்து. பாதையாக மாற்றி வாங்கிவிட்டேன். பிராண்ட் எழுத்துருவுக்கு வலை உரிமமும் வாங்கியிருக்கவில்லை. அதனால் லோகோவில் மட்டும் அது, உரைக்கு நோட்டோ.

---

வாடகைவீடு

எங்களுடையது நாமே நிறுவியது இல்லை, ஒரு வாடகைச் சேவை. லோகோ, ஒரு நிறம், அவ்வளவுதான் மாற்ற விடுகிறது. அடிப்பகுதியில் அவர்கள் பெயரும் இருக்கிறது. நாங்கள் என்ன செய்யலாம்?

---

பழையதச்சன்

சொந்த முகவரி தருகிறார்களா என்று பாருங்கள். உங்கள் டொமைனில் ஒரு துணைப்பெயர் வைத்து, டிஎன்எஸ்ஸில் (டொமைன் பெயர் எங்கே போகும் என்று சொல்லும் பதிவேடு) ஒரு சிநேம் பதிவு போட்டு அங்கே திருப்பிவிடலாம். நிறத்தைவிட அதுதான் பெரிய பிராண்ட் என்பது என் எண்ணம். நாளை வேறு சேவைக்கு மாறினாலும் முகவரி உங்களுடையது. பக்கப் பாதைகளை அப்படியே காப்பாற்றினால் ஊரெல்லாம் கிடக்கும் பழைய சுட்டிகள் உடையாது.

அடிப்பகுதிப் பெயரைப் பொறுத்தவரை ஒப்பந்தம் என்ன சொல்கிறதோ அதுதான். கட்டற்ற கருவிகளில் வேறு மாதிரி. டாக்குசாரஸ் எம்ஐடி உரிமம், ஸ்பிங்க்ஸ் பிஎஸ்டி உரிமம். மூலநிரலோடு உரிமக் குறிப்பு போக வேண்டும். தளத்தின் அடியில் பெயர் போட வேண்டிய கட்டாயம் இல்லை. மெட்டீரியலில் அதை அணைக்க ஓர் அமைப்பே தந்திருக்கிறார்கள். நான் எங்கேயும் அணைப்பதில்லை. இலவசமாகக் கிடைத்த உழைப்புக்கு ஒரு வரி நன்றி இருக்கட்டும்.

அதே மூச்சில் இன்னொன்று: நிரலின் உரிமம் லோகோவுக்கு வராது. வேறொரு திட்டத்தைக் கிளைத்து ஆவணம் போடும்போது அவர்கள் சின்னத்தையும் தூக்கி வைத்துக்கொள்வதைப் பார்க்கிறேன். டெபியன் லினக்ஸ் தன் ஃபயர்ஃபாக்ஸ் உலாவிப் பொதிக்கு 2006 முதல் 2016 வரை ஐஸ்வீசல் என்று பெயர் வைத்திருந்ததே இந்த வணிகச் சின்ன விவகாரத்தால்தான்.

---

வரிவடிவம்

மூன்று வாரம் கழித்து வருகிறேன். தளம் மாறிவிட்டது, என்ன ஆனது என்று எழுதி வைத்தால் அடுத்து வருபவருக்கு உதவும்.

400 வரி சிஎஸ்எஸ் இப்போது 64 வரி. அதில் 14 நிற மாறிகள், பகலுக்கு ஏழு, இரவுக்கு ஏழு. ‘இம்பார்ட்டன்ட்’ ஒன்றுகூட இல்லை. நகலெடுத்த மேல்பட்டையை அழித்துவிட்டேன். லோகோவுக்கு இருட்டுப் படம் தனியாகக் கொடுக்க அமைப்பிலேயே இடம் இருந்திருக்கிறது, நான்தான் பார்க்கவில்லை. கணினியின் விருப்பத்தைப் பின்பற்றி டார்க் மோடுக்கு மாறும் வசதி இயல்பாக அணைந்திருந்தது, அதையும் போட்டுவிட்டேன்.

மேல்பட்டையில் ஒரு பாடம் கிடைத்தது. குழு அதை 60 புள்ளியிலிருந்து 88 ஆக்கக் கேட்டிருந்தது. நான் சிஎஸ்எஸ்ஸில் நேராக உயரத்தை மாற்றியிருந்தேன். அப்புறம் பார்த்தால், பக்கத்தின் உள்ளே ஒரு தலைப்புக்குச் சுட்டி கொடுத்தால் அந்தத் தலைப்பு பட்டைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்கிறது. வாசகர் வந்து இறங்குவது தலைப்புக்கு அடுத்த வரியில். “சுட்டி தப்பான இடத்துக்குப் போகிறது” என்று இரண்டு பேர் புகார் செய்தார்கள். பட்டையின் உயரத்துக்கென்று ஒரு மாறி இருக்கிறது. தலைப்புகள் எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்று தீம் கணக்குப் போடுவது அதை வைத்துத்தான். மாறியில் மாற்றியதும் எல்லாம் சரியானது. ஆனாலும் கடைசியில் 64 புள்ளியோடு நிறுத்திக்கொண்டோம். சின்னத் திரையில் 88 என்பது இரண்டு வரி உரையைத் தின்றுவிடுகிறது.

உரைப்பகுதியில் பிராண்ட் சிவப்பு இப்போது சுட்டியில் மட்டும், அடிக்கோட்டோடு. தலைப்புகள் அடர்சாம்பல். ஆபத்துப் பெட்டிக்குச் சிவப்பை விட்டுக்கொடுத்து, இடப்பக்கம் தடித்த கோடும் ஒரு குறும்படமும் ‘ஆபத்து’ என்ற சொல்லும் வைத்தோம். ஒரு பக்கத்தை அச்செடுத்துப் பார்த்தேன். பின்னணி நிறம் தாளில் விழவில்லை, கோடும் சொல்லும் அப்படியே நின்றன. குறிமுறைப் பெட்டிக்கு மஞ்சள் பின்னணி வேண்டாம் என்று குழுவே சொல்லிவிட்டது; அதில் கருத்துரைகளின் பச்சை எழுத்து அளவையில் தேறவில்லை. மஞ்சள் இப்போது லோகோவிலும் தேடல் முடிவில் சொல்லை எடுத்துக்காட்டும் இடத்திலும் மட்டும்.

---

கண்கூசி

போய்ப் படித்துப் பார்த்தேன். நிறுவும் பகுதி முழுவதையும் பெரிதாக்கிய திரையில், இருட்டில், ஒரே மூச்சில் படித்தேன். சுட்டிகள் நன்றாகத் தெரிகின்றன. மிக்க நன்றி.

ஒன்று மட்டும் தப்பியிருக்கிறது. டார்க் மோடில் தேடினால், எடுத்துக்காட்டும் மஞ்சள் மேல் எழுத்து வெள்ளையாகவே இருக்கிறது. நான் தேடிய சொல் மட்டும் எனக்குத் தெரியவில்லை.

---

வரிவடிவம்

ஐயோ, அது இருட்டுக்கான எழுத்து நிறத்தை அப்படியே எடுத்துக்கொள்கிறது. அந்த இடத்துக்கு மட்டும் எழுத்தைக் கறுப்பு என்று இரண்டு தோற்றத்துக்கும் சேர்த்து எழுதிவிட்டேன். 65-வது வரி. இப்போது ஏற்றியாயிற்று, ஒருமுறை பார்த்துச் சொல்கிறீர்களா?

---

கண்கூசி

பார்த்தேன். இப்போது தெரிகிறது.